எட்டாவது கோல்

எங்கள் போட்டிப் பருவத்தின் நீளம் நான்கு நாள்.
மற்றவர்களுக்கு அது ஆகஸ்டில் தொடங்கி
மே வரைக்கும் போகும்.

பரோயே தீவுகளிலிருந்து மூன்று விமானம் மாறி
அல்பேனியாவில் இறங்கியபோது முப்பத்தேழு டிகிரி.
எங்கள் ஊரில் பதினைந்தைத் தாண்டினாலே
ஆட்டுக்குக்கூட வேர்க்கும் என்போம்.
துரிதா ஓடாமலேயே மூச்சு வாங்கினாள்.
கையுறைப் பெட்டி கோபன்ஹேகனில் தங்கிவிட்டது.

நான் இரண்டாவது கோல்கீப்பர்.
அதாவது மார்யுனின் கட்டைவிரல் நன்றாக இருக்கும்வரை
தண்ணீர் பாட்டில்களுக்குப் பொறுப்பு.

முதல் ஆட்டம் வேல்ஸ் பெண்களோடு.
கூடுதல் நேரத்தில், ஒரு கார்னரில்,
யார் தலையில் பட்டு உள்ளே போனதென்று
இன்றுவரை தகராறு.
நடுவர் ரன்வாவின் பெயரை எழுதினார்;
பியோர்க் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.
வென்றோம்.
வேல்ஸ் கோல்கீப்பர் புல்லில் உட்கார்ந்து
பூட்ஸ் நாடாவை அவிழ்த்தாள், கட்டினாள்,
மறுபடி அவிழ்த்தாள்.

அடுத்து போர்ச்சுகல்காரர்கள்.
ஏழு வாங்கிய பிறகு மார்யுன் கையைத் தூக்கினாள்.
கட்டைவிரல் வேறு யாருடையதோபோல்
திரும்பியிருந்தது.
பயிற்சியாளர் என்னைப் பார்த்த பார்வையில்
மன்னிப்பு இருந்தது.
வேறெதுவும் இல்லை.

பதினோரு நிமிடம் ஆடினேன், இரவல் கையுறையில்.
பந்தை நான்கு முறை தொட்டேன்.
ஐந்தாவது முறை,
பத்தொன்பதாம் எண் யோலாண்டா
வலக்காலை ஓங்கி, அடிக்காமல்,
பந்தை இடக்காலுக்கு மாற்றினாள்.
அதற்குள் நான் இடப்பக்கம் விழுந்து முடித்திருந்தேன்.
வலப்பக்கமாக, அவசரமே இல்லாமல்,
அது உள்ளே போனது.

திங்கட்கிழமை காலை ஏழுக்கு சால்மன் ஆலை.
முள் எடுக்கும் மேசையில் யாரோ கேட்டார்கள்:
எட்டா?
எட்டு.
கத்தி, பனிக்கட்டி, அடுத்த மீன்.

அக்டோபரில் போர்ச்சுகல்காரர்கள் நார்வேயிடம் தோற்றார்கள்.
டிசம்பரில், மூன்று மணிக்கே இருட்டிவிடும் நாட்களில்,
காற்று தூக்கிப்போன பந்தைத் தேடி
நாங்கள் படகில் போய்க்கொண்டிருந்தபோது,
நார்வே ஜெர்மானியர்களிடம் தோற்றது.
சான்னா உணவறைச் சுவரில்
ஷிப்டு அட்டவணைக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டினாள்:
எங்களை வென்றவர்களை
வென்றவர்களை வென்றவர்கள்.
மார்ச்சில் ஸ்பானியர்கள் வந்ததும்
தாள் போதவில்லை.
மேலே இன்னொன்றை நீட்டி ஒட்டினோம்.

எல்லோரும் போன பிறகு
அடியில் பென்சிலால் வேல்ஸ் என்று எழுதினேன்.
கடைசி ஆள் நாங்கள் இல்லை.
மழை பெய்யும் ஏதோ ஒரு தெருவில்
எங்கள் பெயரில் தொடங்கும் தாளை
அந்தக் கோல்கீப்பரும் வைத்திருக்கலாம்.
நாடாவை ஒருவழியாகக் கட்டிக்கொண்டு
வேறு வேலைக்கும் போயிருக்கலாம்.

மே மாதம். சனிக்கிழமை ஓவர்டைம்.
உணவறைத் தொலைக்காட்சியில் இறுதி ஆட்டம்:
ஸ்பானியர்கள், பிரெஞ்சுக்காரர்கள், அறுபதாயிரம் பேர்.
ஸ்பானியர்களுக்காக ஒருத்தி மாற்றாக இறங்கினாள்.
எண் வேறு, சட்டை வேறு,
ஜனவரியில் விலைபோனவள்.
நடையில் கண்டுபிடித்தேன்.

எழுபத்தெட்டாவது நிமிடம்
யோலாண்டா வலக்காலை ஓங்கினாள்.

பிரெஞ்சுக் கோல்கீப்பர் இடப்பக்கம் விழுந்தாள்.

மேசை அதிர்ந்தது. நாற்காலி ஒன்று சாய்ந்தது.
திரையில் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து
கத்திக்கொண்டிருந்தார்கள்;
பிறகு கோப்பை வந்தது, தங்கக் காகிதம் பறந்தது.
மார்யுன் மட்டும் அதைப் பார்க்கவில்லை.
சரியாக மடங்காத அந்தக் கட்டைவிரலால்
தரையைக் காட்டினாள்,
நான் கிடந்த இடத்தை, வலப்பக்கத்தை.

"பிடிச்சிட்டே" என்றாள்.

சட்டையெல்லாம் மீன் சூப்.
இடைவேளை முடிய
இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.